5 நானோமீட்டர்ப் படலத்துக்கு இத்தனை கேள்விகளா?

சவ்வுப் புரதங்களோடு ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் மல்லுக்கட்டியவள் என்பதுதான் இங்கே பதில் சொல்ல எனக்குள்ள தகுதி. செல் சவ்வு எதனால் ஆனது, எதை விடும், எதைத் தடுக்கும், ஏன் என்று கேளுங்கள். நோய்க்கு மருந்து கேட்காதீர்கள், நான் மருத்துவர் இல்லை. தேர்வுக்கு விடை எழுதித் தரச் சொல்லியும் கேட்காதீர்கள். பிடித்த கேள்விக்கு நீட்டி முழக்குவேன், மற்றதற்கு ஒரு வரிதான். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

பதினோராம் வகுப்பு மாணவி: மேடம், செல் சவ்வு இரண்டு அடுக்கு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அவ்வளவு மெல்லியதை அந்தக் காலத்தில் பார்த்திருக்கவே முடியாதே?

பார்க்கவில்லை அம்மா, கணக்குப் போட்டார்கள். 1890களிலேயே ஓவர்டன் என்பவர் நூற்றுக்கணக்கான பொருள்களை வரிசையாகச் சோதித்தார். கொழுப்பில் கரைபவை செல்லுக்குள் சுலபமாகப் போயின, கரையாதவை தயங்கின. செல்லைச் சுற்றிக் கொழுப்புத்தன்மையுள்ள ஒரு படலம் இருக்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்.

எத்தனை அடுக்கு என்பது 1925இல்தான் தெரிந்தது. நெதர்லாந்தின் லைடனில் கோர்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களை எடுத்துக்கொண்டார்கள். ஏன் சிவப்பணு? பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் கிடையாது, உள்ளே வேறு சவ்வுகளும் கிடையாது. ஆகவே கிடைக்கிற கொழுப்பு முழுக்க வெளிச்சவ்வுக்கே உரியது. அசிட்டோனில் அந்தக் கொழுப்பைப் பிரித்தெடுத்து, ஆழமில்லாத ஒரு தொட்டியில் தண்ணீர்மேல் பரப்பினார்கள். சவ்வுக் கொழுப்பின் பெரும்பகுதி பாஸ்போலிப்பிட், அதாவது தண்ணீரை விரும்பும் தலையும் வெறுக்கும் வாலும் உள்ள மூலக்கூறு. அது தண்ணீர்மேல் விழுந்தால் தலை தண்ணீரில், வால் காற்றில் என்று ஒற்றை அடுக்காக நிற்கும். ஒரு தடுப்பை வைத்து ஓரத்திலிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டே வந்தால், மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் எதிர்ப்பு தெரியும். அந்தப் பரப்பை அளந்து, கொழுப்பு தந்த அணுக்களின் மொத்த மேற்பரப்போடு ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியென்றால் சவ்வு இரண்டு அடுக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அசிட்டோன் கொழுப்பை முழுமையாக எடுக்கவில்லை. உலர்ந்த அணுவை அளந்ததால் அணுவின் பரப்பும் குறைவாக வந்தது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, விடை சரியாக விழுந்துவிட்டது. 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ராபர்ட்சன் பார்த்தபோது இரண்டு கறுப்புக் கோடுகளும் நடுவே ஒரு வெளிர் பட்டையும் தெரிந்தன. அதற்குப் பிறகுதான் பலருக்கு முழு நம்பிக்கை வந்தது.

பத்தாம் வகுப்பு மாணவர்: செல் சவ்வுக்கும் செல் சுவருக்கும் என்ன வேறுபாடு?

சவ்வு எல்லா செல்லுக்கும் உண்டு. கொழுப்பும் புரதமும் சேர்ந்தது, 5 முதல் 8 நானோமீட்டர் தடிமன், எது உள்ளே போகலாம் என்று தேர்ந்தெடுக்கும். சுவர் அதற்கு வெளியே இருப்பது. தாவரத்தில் செல்லுலோஸ், பூஞ்சையில் கைட்டின், பாக்டீரியாவில் பெப்டிடோகிளைக்கான். விலங்கு செல்லுக்குச் சுவர் இல்லை. சுவர் உறுதி தரும், சிறிய மூலக்கூறுகளைப் பெரும்பாலும் தடுக்காது. தண்ணீர் புகுந்து தாவர செல் வெடிக்காமல் இருப்பது சுவரால்தான்.

கூடவே ஓர் எச்சரிக்கை. பள்ளி நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்து, அந்தக் கோடுதான் சவ்வு என்று எழுதாதீர்கள். நீங்கள் பார்ப்பது சுவர். ஒளி நுண்ணோக்கி 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது.

ஒரு வாசகர்: செல் சவ்வைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் ஹூக் என்று படித்தேன்.

இல்லை. 1665இல் அவர் தக்கையில் பார்த்தது செத்த செல்களின் சுவர்.

இயற்பியல் ஆசிரியர்: லிப்பிட் (கொழுப்பு) மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பில் இல்லை என்கிறார்கள். பிறகு எந்த விசை சவ்வைப் பிடித்துவைத்திருக்கிறது?

ஐயா, இதைக் கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். கொழுப்பு வால்களுக்குள் பெரிய பாசம் ஒன்றும் இல்லை. வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு இருக்கிறது, ஆனால் வேலையைச் செய்வது தண்ணீர். கொழுப்பு வால் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், அதைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் தங்கள் ஹைட்ரஜன் பிணைப்புகளை விட்டுக்கொடுக்காமலிருக்க ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் நிற்க வேண்டியிருக்கிறது. நீரின் என்ட்ரோபி, அதாவது இஷ்டப்படி நிற்கும் சுதந்திரம், குறைகிறது. வால்கள் ஒன்றாக ஒதுங்கிவிட்டால் அந்த நீர் விடுதலையாகிறது. ஆகவே தண்ணீர்தான் கொழுப்பை வெளியே தள்ளி ஒன்றுசேர்க்கிறது. நீரை எடுத்துவிட்டால் சவ்வு என்று எதுவும் இருக்காது.

அப்புறம், ஏன் உருண்டையாகச் சேராமல் தாளாகச் சேர்கிறது? வடிவம்தான் காரணம். சோப்பு மூலக்கூறுக்கு ஒரே வால், ஆகவே தலைப்பக்கம் பருத்துக் கூம்புபோல் இருக்கும். கூம்புகளை அடுக்கினால் உருண்டை வரும். பாஸ்போலிப்பிட்டுக்கு இரண்டு வால், ஏறக்குறைய உருளை வடிவம். உருளைகளை அடுக்கினால் தாள் வரும். தாளுக்கு ஓரம் இருந்தால் அங்கே வால்கள் தண்ணீரைப் பார்க்கும். அது கட்டுப்படியாகாது. அதனால் தாள் வளைந்து தன்னைத்தானே மூடிக்கொள்ளும். செல் ஒரு மூடிய பையாக இருப்பதற்கு மரபணுவின் உத்தரவு தேவையில்லை. 1960களில் பாங்கம் என்பவர் பாஸ்போலிப்பிட்டை நீரில் கலக்கி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, மூடிய பைகள் தாமாகவே உருவாகியிருந்தன. இன்று மருந்தை ஏற்றி அனுப்பும் லிப்போசோம் அதுதான்.

இன்னொரு விஷயம். இந்தப் படலத்தை வளைப்பது மிகச் சுலபம், இழுப்பது மிகக் கடினம். பரப்பைச் சில சதவீதம் அதிகமாக்கினாலே கிழிந்துவிடும். 8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள சிவப்பணு தன்னைவிடக் குறுகலான தந்துகியில் நுழைந்து போவது வளைவதால், இழுபடுவதால் அல்ல. பந்துபோல் இல்லாமல் தட்டையாக இருப்பதால் அதற்கு உபரிப் பரப்பு இருக்கிறது. அந்த உபரி குறைந்து அணு உருண்டையாகிவிட்டால் மண்ணீரலின் சந்துகளில் மாட்டிக்கொள்ளும். பிறவியிலேயே வரும் உருளணு நோயில் நடப்பது இதுதான்.

உயிர்த்தொழில்நுட்ப மாணவி: முட்டைசெல்லில் ஊசி குத்தி விந்தணுவைச் செலுத்துகிறார்கள். ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பதெல்லாம் கொட்டிவிடாதா?

மேலே சொன்ன ஓரக் கணக்குதான். ஓட்டையின் விளிம்பில் வால்கள் தண்ணீரைப் பார்ப்பதால் அது சுருங்கி மூடவே பார்க்கும். சிறிய ஓட்டை தானாகவே மூடிவிடும். பெரியதென்றால் செல்லும் கைகொடுக்கும். வெளியே கால்சியம் அதிகம், உள்ளே மிகக் குறைவு. கிழிசல் வழியே கால்சியம் பாய்ந்ததும், உள்ளிருக்கும் சிறு பைகள் அந்த இடத்துக்கு வந்து சவ்வோடு இணைந்து ஒட்டுப்போடும். கால்சியம் இல்லாத கரைசலில் குத்தினால் இந்தப் பழுதுபார்ப்பு நடக்காது.

கல்லூரி மாணவர்: லிப்பிட் படலத்தில் புரதங்கள் மிதந்து நகர்கின்றன என்னும் பாய்ம மொசைக் மாதிரியில் 'பாய்மம்' என்பதற்கு ஆதாரம் என்ன? எவ்வளவு வேகமாக நகர்கிறது?

1970இல் ஃப்ரை, எடிடின் இருவரும் எலி செல்லையும் மனித செல்லையும் சென்டாய் வைரஸ் கொண்டு ஒன்றாக இணைத்தார்கள். எலியின் சவ்வுப் புரதங்களுக்கு ஒரு நிறம், மனிதனுடையதற்கு வேறு நிறம். முதலில் பாதிக்குப் பாதி தனித்தனியாக நின்றது. 37 டிகிரியில் சுமார் 40 நிமிடத்தில் இரண்டும் முழுக்கக் கலந்துவிட்டன. குளிர்வித்தபோது கலக்கவில்லை. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் தங்கள் மாதிரியை வெளியிட்டபோது கையில் இருந்த பலமான சான்றுகளில் இது ஒன்று.

வேகம் கேட்டீர்கள். ஒரு லிப்பிட் மூலக்கூறு ஒரு நொடியில் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் போய்விடும், அதாவது ஒரு பாக்டீரியாவின் நீளம். பக்கத்து மூலக்கூறோடு இடம் மாற்றிக்கொள்வது நொடிக்குக் கோடிமுறை. ஆனால் மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்குத் தானாகக் குதிப்பது அபூர்வம், ஏனென்றால் மின்தன்மையுள்ள தலை கொழுப்பு நடுவே நுழைந்து போக வேண்டும். அதனால்தான் இரண்டு அடுக்கும் வேறுவேறு லிப்பிட்டுகளோடு இருக்க முடிகிறது.

படத்தை நம்பாதீர்கள் என்பது என் நிரந்தரப் புலம்பல். பாடநூல் படத்தில் வழுவழுப்பான லிப்பிட் கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புரதம் மிதக்கும். நிஜத்தில் எடையில் பாதி புரதம். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் முக்கால் பங்கு. நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறையில் மட்டும்தான் கால் பங்கு அளவுக்குக் குறைவு. போதாக்குறைக்கு அளவும் தப்பு. 10 மைக்ரோமீட்டர் செல்லை 10 மீட்டர் அறையாகப் பெருக்கினால் சவ்வின் தடிமன் 5 மில்லிமீட்டர்தான் வரும்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்: தண்ணீர் கொழுப்பில் கரையாதே, சவ்வைக் கடந்து எப்படிப் போகிறது?

கொஞ்சம் கொஞ்சமாக நேராகவே கசியும், மூலக்கூறு சிறியது என்பதால். அவசரமாகப் போக வேண்டிய இடத்தில் தனி வாய்க்கால் இருக்கிறது, அக்வாபோரின். 1992இல் பீட்டர் ஏகர் குழு அதை நிரூபித்த விதம் அழகு. தவளையின் முட்டைசெல் நன்னீரில் கிடந்தும் வெடிக்காது, அதன் சவ்வு தண்ணீரை அவ்வளவாக விடுவதில்லை. சிவப்பணுவில் கண்டெடுத்த ஒரு புரதத்தின் ஆர்.என்.ஏ.வை அந்த முட்டைக்குள் செலுத்தி, புரதம் உருவாக அவகாசம் கொடுத்து, நீர்த்த கரைசலில் போட்டார்கள். சில நிமிடங்களில் உப்பி வெடித்தது. ஆர்.என்.ஏ. செலுத்தாத முட்டை பக்கத்திலேயே சும்மா கிடந்தது. ஒரு வாய்க்காலில் நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகின்றன. அந்த நெரிசலிலும் ஒரு புரோட்டான்கூடத் தாவிப் போகாது.

வேதியியல் ஆசிரியை: பொட்டாசியம் வாய்க்கால் சோடியத்தை விடாது என்கிறார்கள். சோடியம் அயனி அதைவிடச் சிறியதாயிற்றே! பெரியது நுழையும் துளையில் சிறியது ஏன் நுழையாது?

இன்றைக்கு வந்ததில் சிறந்த கேள்வி. தண்ணீரில் எந்த அயனியும் தனியாக இருப்பதில்லை. சுற்றிலும் நீர் மூலக்கூறுகளின் ஆக்சிஜன்கள் அதை அணைத்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்ற நிறைய ஆற்றல் செலவாகும். கொழுப்புப் படலம் அயனியை விடாததற்கும் இதுதான் காரணம், உள்ளே அந்த அணைப்புக்கு மாற்று கிடையாது. அயனியின் பருமன் அங்கே இரண்டாம்பட்சம்.

பொட்டாசியம் வாய்க்காலின் மிகக் குறுகிய பகுதியில் புரதச் சங்கிலியின் கார்பனைல் ஆக்சிஜன்கள் உள்நோக்கி வரிசையாக நிற்கின்றன. பொட்டாசியத்தை நீர் அணைத்திருக்கும் அதே தூரத்தில், அதே கோணங்களில் நிற்கின்றன. பொட்டாசியம் நீரைக் கழற்றிவிட்டு இந்த ஆக்சிஜன்களிடம் வந்தால் நஷ்டமே இல்லை. சோடியம் வந்தால்? அது சிறியது. எல்லாப் பக்கத்து ஆக்சிஜனும் எட்டாது. கழற்றிய நீருக்கு ஈடு கிடைக்காததால் அது வெளியிலேயே நிற்பதுதான் லாபம். பத்தாயிரம் பொட்டாசியத்துக்கு ஒரு சோடியம் தப்பிப் போனால் அதிகம். இவ்வளவு கறாராக இருந்துகொண்டே நொடிக்குப் பத்துக்கோடி அயனிகள் வரை விடுகிறது, வரிசையில் பின்னால் வரும் பொட்டாசியம் முன்னால் இருப்பதைத் தன் மின்சுமையால் தள்ளிவிடுவதால். 1998இல் மெக்கினன் இந்த அமைப்பை எக்ஸ் கதிரில் காட்டினார். 2003 நோபல் பரிசை அவரும் ஏகரும் பகிர்ந்துகொண்டார்கள்.

மின்பொறியாளர்: சவ்வின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையே 70 மில்லிவோல்ட் என்கிறார்கள். இது ஒரு மின்னழுத்தமா?

எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை தூரத்தில் என்று பாருங்கள். 70 மில்லிவோல்ட்டை 5 நானோமீட்டரால் வகுத்தால் சென்டிமீட்டருக்கு 1,40,000 வோல்ட். காற்று 30,000 வோல்ட்டிலேயே பொறி பறக்கும். உங்கள் ஒவ்வொரு செல்லின் தோலும் அதைப்போல் நாலைந்து மடங்கு புலத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் பொறியாளர் என்பதால் இன்னொரு கணக்கு. சவ்வின் மின்தேக்குத்திறன் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஃபாரட். 10 மைக்ரோமீட்டர் செல்லில் 70 மில்லிவோல்ட் உண்டாக்க எத்தனை அயனி இடம்பெயர வேண்டும் என்று போட்டுப் பாருங்கள். சுமார் 14 லட்சம் வரும். உள்ளே இருக்கும் பொட்டாசியமோ 4,000 கோடிக்கு மேல். முப்பதாயிரத்தில் ஒன்று வெளியேறினாலே போதும். செல்லுக்குள் அயனிச் செறிவு மாறியதே தெரியாது. மின்னழுத்தம் எழுந்தால் அயனியெல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை செய்ய வேண்டும். செறிவு வித்தியாசத்தை நெடுங்காலம் காப்பது சோடியம்-பொட்டாசியம் பம்ப். செல்லின் எரிபொருள் மூலக்கூறான ஏடிபி ஒன்றுக்கு 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். 1957இல் ஸ்கூ கண்டுபிடித்தது.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்: செல் சுவர், செல் சவ்வு வேறுபாடு சொல்லுங்கள் மேடம்.

மேலே இரண்டாவது பதில்.

ஒரு இல்லத்தரசி: கொலஸ்ட்ரால் கெட்டது என்கிறார்கள். அது சவ்விலும் இருக்கிறது என்றால் பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் வருவது, கொலஸ்ட்ராலை ஏற்றிக்கொண்டு ரத்தத்தில் ஓடும் துகள்களின் அளவு. அதை உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். சவ்வில் இருப்பது வேறு கதை, அது இல்லாமல் விலங்கு செல் இல்லை. வெளிச்சவ்வில் சில இடங்களில் பாஸ்போலிப்பிட்டுக்கு ஒன்று என்ற கணக்கில்கூட இருக்கும். அதன் விறைப்பான வளையங்கள் பக்கத்து வால்களின் ஆட்டத்தை அடக்கும், அதனால் வெப்பத்தில் சவ்வு அதிகம் இளகாது, கசிவும் குறையும். குளிரில் வால்கள் ஒழுங்காக அடுக்கி உறைவதையும் அதுவே இடையில் நின்று கெடுக்கும். பூஞ்சைக்குக் கொலஸ்ட்ராலுக்குப் பதில் எர்கோஸ்டெரால். ஆம்போடெரிசின் பி என்ற பூஞ்சைக்கொல்லி அதைத்தான் குறிவைக்கிறது. நம் கொலஸ்ட்ராலையும் அது ஓரளவு பிடித்துக்கொள்வதால்தான் பக்கவிளைவு.

அதே வாசகி: லெசித்தின் மாத்திரை சாப்பிட்டால் செல் சவ்வு பலப்படும் என்று விளம்பரம் வருகிறதே?

லெசித்தின் பாஸ்போலிப்பிட்தான். ஆனால் குடலில் கணைய நொதி அதன் ஒரு வாலை வெட்டிவிட்டுத்தான் உறிஞ்சவிடும். அப்படியே போய்ச் சவ்வில் ஒட்டுப்போடாது. உங்கள் செல்கள் தேவையான லிப்பிட்டைத் தாமே செய்துகொள்கின்றன. 'சவ்வைப் பழுதுபார்க்கும்', 'சவ்வைச் சுத்தம் செய்யும்' என்று எதைக் கண்டாலும் காசைப் பையிலேயே வையுங்கள்.

ஆய்வு மாணவர்: இவ்வளவு நேரமாக லிப்பிட் ராஃப்ட் பற்றி ஒரு சொல் இல்லை. 1997இல் சைமன்ஸ், ஐகோனென் எழுதியதிலிருந்து துறையே அதைச் சுற்றித்தானே ஓடுகிறது? ஸ்பிங்கோலிப்பிட் என்ற இன்னொரு வகைச் சவ்வு லிப்பிட்டும் கொலஸ்ட்ராலும் சேர்ந்து தனித் திட்டுகளாக மிதக்கின்றன, புரதங்கள் அதில் ஏறிக்கொள்கின்றன.

வேண்டுமென்றுதான் விட்டேன் தம்பி. அந்தத் துறையில் பல ஆண்டுகள் ஓடிய முக்கியச் சோதனை என்ன? செல்லை 4 டிகிரிக்குக் குளிர்வித்து, ட்ரைட்டன் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட்டை ஊற்றி, கரையாமல் மிஞ்சியதை ராஃப்ட் என்று அழைத்தது. 37 டிகிரியில் உயிரோடு இருக்கும் சவ்வைக் குளிரவைத்து டிடர்ஜென்ட் ஊற்றினால், இல்லாத திட்டும் சேரும். மிஞ்சியதில் இருந்தவை எல்லாம் முன்பே ஒன்றாக இருந்தன என்பதற்கு அது சான்றல்ல.

ஆய்வு மாணவர்: அது பழைய கதை. செல்லிலிருந்து பிரிந்த பெரிய சவ்வுப் பைகளில், டிடர்ஜென்ட் எதுவும் இல்லாமலே, இரண்டு கட்டங்களாகப் பிரிவதை ஒளி நுண்ணோக்கியில் கண்ணால் பார்க்கலாம். ஈஸ்ட்டின் நுண்குமிழ்ச் சவ்வில் உயிரோடிருக்கும்போதே தெரிகிறது.

ஈஸ்ட்டை ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல சான்று. ஆனால் அது வெளிச்சவ்வு இல்லை. பைகளைப் பொறுத்தவரை, அவற்றைக் குளிர்வித்த பிறகுதான் பிரிவு தெரிகிறது, 37 டிகிரியில் சீராகவே இருக்கின்றன. அதோடு பை என்பது செல்லின் உட்சட்டகத்திலிருந்து கழன்றுவந்த சவ்வு. சட்டகம் எவ்வளவு முக்கியம் என்று குசுமி என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். நொடிக்கு 40,000 படங்கள் எடுத்து ஒற்றை லிப்பிட்டைத் தொடர்ந்தபோது, எலிச் சிறுநீரக செல்லில் அது 230 நானோமீட்டர் அகலப் பகுதிக்குள் சராசரியாக 11 மில்லிநொடி சுற்றிவிட்டு அடுத்த பகுதிக்குத் தாவியது. சவ்வை ஒட்டி உள்ளே ஓடும் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலையும் அதில் நட்டுவைத்த புரதங்களும்தான் வேலி. சவ்வில் எது எங்கே தங்குகிறது என்பதற்கு ராஃப்ட்டைக் கூப்பிடாமலே பாதி விளக்கம் வந்துவிட்டது.

இயற்பியல் ஆசிரியர்: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பைகள் கட்டம் பிரியும் வெப்பநிலை அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் என்றால், 37 டிகிரியில் அவை மாறுநிலைப் புள்ளிக்கு, அதாவது பிரிவு தொடங்கும் எல்லைக்கு, சற்று மேலேதான் இருக்கின்றன. அங்கே நிலையான திட்டு இருக்காது, ஆனால் தோன்றி மறையும் ஏற்ற இறக்கங்கள் இருந்தே தீரும். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறீர்களோ?

ஐயா, நீங்கள் சொன்ன வடிவத்தில் என்றால் எனக்குச் சண்டையே இல்லை. அத்தகைய ஏற்ற இறக்கங்களைப் பைகளில் அளந்தும் இருக்கிறார்கள். 2009இல் ஹெல் குழு, ஒளி நுண்ணோக்கியின் வழக்கமான எல்லையைத் தாண்டிக் காட்டும் ஸ்டெட் நுண்ணோக்கியில் பார்த்தபோது ஸ்பிங்கோலிப்பிட்டுகள் 20 நானோமீட்டருக்கும் சிறிய இடத்தில் 10, 20 மில்லிநொடி மாட்டி நின்றன, கொலஸ்ட்ராலைக் குறைத்தால் அது குறைந்தது. இது உண்மை. நான் எதிர்ப்பது வேறு. 20 நானோமீட்டர், 20 மில்லிநொடி என்ற ஒன்றை எடுத்துக்கொண்டு, ஏற்பிகள் ஏறி இறங்கும் நிலையான மேடை என்று படம் போட்டு, கொலஸ்ட்ராலை உறிஞ்சி எடுத்த செல்லில் எது கெட்டாலும் 'ராஃப்ட் போனதால்' என்று முடிவெழுதுவது. கொலஸ்ட்ராலை எடுத்தால் சவ்வில் நூறு விஷயம் கெடும்.

ஆய்வு மாணவர்: நோயெதிர்ப்பு டி செல்லின் ஏற்பி, எச்.ஐ.வி. மொட்டுவிடும் இடம் இவற்றிலெல்லாம் அந்த லிப்பிட்டுகள் குவிகின்றனவே? எச்.ஐ.வி.யின் உறையில் ஸ்பிங்கோமைலினும் கொலஸ்ட்ராலும் மிகுதி.

குவிகின்றன. குவிப்பது யார் என்பதுதான் கேள்வி. வைரஸின் காக் (Gag) என்ற புரதம் வரிசைகட்டித் தன் கீழே லிப்பிட்டைச் சேர்க்கிறதா, முன்பே இருந்த திட்டைத் தேடிப் போய் உட்காருகிறதா? முதலாவதுதான் என்று நான் பந்தயம் கட்டுவேன். புரதம் கூடும்போது, ஐயா சொன்ன மாறுநிலைக்கு அருகிலிருக்கும் சவ்வு சுலபமாக இணங்கிக்கொடுக்கும். நீங்கள் இளைஞர், இதை முடித்துக்காட்டுங்கள். ஆனால் 4 டிகிரி டிடர்ஜென்ட் சோதனையை மட்டும் கட்டுரையில் வைக்காதீர்கள்.

செவிலியர்: உங்கள் சண்டை முடிந்ததென்றால் ஒன்று கேட்கிறேன். வயிற்றுப்போக்குக்கு உப்பு மட்டும் கொடுக்காமல் ஏன் சர்க்கரையும் சேர்க்கிறார்கள்?

மன்னியுங்கள் சகோதரி, உங்கள் கேள்வி எங்கள் சண்டையைவிடப் பயனுள்ளது. குடல் செல்லின் சவ்வில் எஸ்ஜிஎல்டி1 என்ற கடத்தி இருக்கிறது. அது 2 சோடியமும் 1 குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும், ஒன்று தனியாக வந்தால் அசையாது. இரண்டும் உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். காலராவின் நஞ்சு குளோரைடு வாய்க்காலைத் திறந்துவைத்துத் தண்ணீரை வெளியே கொட்டச் செய்கிறது, ஆனால் இந்தக் கடத்தியைத் தொடுவதில்லை. அந்த ஒரு கதவு திறந்திருப்பதால்தான் வாய்வழிக் கரைசல் வேலை செய்கிறது. 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கரைசலில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்குத் தலா 75 மில்லிமோல். இனிப்பை இஷ்டத்துக்குக் கூட்டினால் மிஞ்சும் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து நிலைமையை மோசமாக்கும்.

ஒரு தந்தை: மகளுக்குப் பள்ளிச் செய்முறை. வினிகரில் முட்டை ஓட்டைக் கரைத்துச் சவ்வூடுபரவல் காட்டலாமா?

காட்டலாம். ஆனால் விளக்க அட்டையில் 'செல் சவ்வு' என்று எழுதவிடாதீர்கள். ஓட்டுக்குள் இருப்பது புரத இழைகளால் பின்னிய உயிரற்ற வலைத்தோல். அதில் பாஸ்போலிப்பிட் இரட்டை அடுக்கும் கிடையாது, பம்பும் கிடையாது.

கல்லூரி மாணவி: கொதிக்கும் ஊற்றில் வாழும் ஆர்க்கியா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் சவ்வு ஏன் உருகுவதில்லை?

மற்ற உயிர்களில் வால் கிளிசராலோடு எஸ்டர் பிணைப்பில் இருக்கும். ஆர்க்கியாவில் ஈதர் பிணைப்பு, சூட்டிலும் அமிலத்திலும் சுலபமாக அறுபடாது. வால்களிலும் கிளைகள் உண்டு. சல்ஃபோலோபஸ் போன்றவற்றில் மேல் மூலக்கூறின் வாலும் கீழ் மூலக்கூறின் வாலும் ஒன்றாக இணைந்து, இரண்டு பக்கமும் தலையுள்ள ஒரே நீண்ட மூலக்கூறாக இருக்கும். அதாவது இரட்டை அடுக்கே அல்ல, பிரிந்து வர இரண்டு அடுக்கு இருந்தால்தானே!

இதைவிட எனக்கு வியப்பானது, அவற்றின் கிளிசரால் பாஸ்பேட் நம்முடையதன் கண்ணாடிப் பிம்பம் என்பது. பாக்டீரியாவும் நாமும் ஒரு கை, ஆர்க்கியா மறு கை. நம் செல்லின் மரபுப் பொறியமைப்பு ஆர்க்கியாவுக்கு நெருக்கமாக இருக்க, சவ்வு மட்டும் ஏன் பாக்டீரியா வகை என்பது இன்னும் தீராத புதிர்.

ஒரு மாணவர்: செல் சுவர், செல் சவ்வு, 5 மதிப்பெண் வினா...

இல்லை.

மருந்தாளுநர்: சானிடைசர் எல்லா வைரஸையும் கொல்லுமா?

லிப்பிட் உறையுள்ளவற்றை நன்றாகக் கொல்லும். நோரோவைரஸ் போல உறையில்லாதவற்றிடம் அவ்வளவு பலிக்காது, சோப்புப் போட்டுக் கழுவி அகற்றுங்கள். எத்தனால் 60 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள்.

ஒரு வாசகர்: நரம்பில் மின்தூண்டல் எப்படி ஓடுகிறது, மயக்க மருந்து எப்படி வேலை செய்கிறது?

முதலாவதை ஒரு நரம்பியல்காரரிடம் கேளுங்கள், தனி அமர்வே வேண்டும். இரண்டாவது: கொழுப்பில் எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு மயக்கும் என்ற பழைய விதியை வைத்து, சவ்வின் கொழுப்பைக் குழப்புவதால்தான் மயக்கம் என்று நெடுநாள் நம்பினார்கள். 1984இல் ஃபிராங்க்ஸும் லீப்பும் லிப்பிட்டே இல்லாத மின்மினிப் புரதத்தை மயக்க மருந்துகள் அதே வரிசையில் தடுப்பதைக் காட்டியபின் கவனம் புரதங்களுக்குத் திரும்பியது.

ஆய்வக உதவியாளர்: செல் வளர்ப்பில் ட்ரைபான் புளூ போட்டு உயிருள்ளவற்றை எண்ணுகிறோம். சாயம் ஏறாததெல்லாம் உயிரோடு இருக்கிறது என்று எழுதலாமா?

கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. ட்ரைபான் புளூ முழுமையான சவ்வைக் கடக்காது. சவ்வு கிழிந்த செல்லில் நுழைந்து நீலமாக்கும். ஆனால் தானே திட்டமிட்டுச் சாகிற செல் கடைசிக் கட்டம் வரை சவ்வைக் கிழியாமல் வைத்திருக்கும். அதற்கு முன்பே வேறொன்று நடந்திருக்கும். பாஸ்படைடில்செரின் என்ற லிப்பிட் சாதாரணமாக உள்ளடுக்கில்தான் இருக்கும், ஒரு நொதி ஏடிபியைச் செலவழித்து அதை அங்கேயே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும். சாவு தொடங்கியதும் அந்த நொதி நின்றுவிடும், இரண்டு அடுக்கையும் கலக்கும் இன்னொரு புரதம் விழிக்கும், பாஸ்படைடில்செரின் வெளியே வரும். விழுங்கும் செல்கள் அதைப் பார்த்துத்தான் வந்து தின்னும். ஆகவே உங்கள் குடுவையில் சாயம் ஏறாத செல்லில் சில ஏற்கெனவே சாகத் தொடங்கியிருக்கும். மருந்துச் சோதனை என்றால், வெளியே வந்த பாஸ்படைடில்செரினில் ஒட்டும் ஒளிரும் அனெக்சின் 5ஐயும், கிழிந்த சவ்வு வழியே மட்டும் நுழையும் புரோபிடியம் அயோடைடு சாயத்தையும் சேர்த்துப் போடுங்கள். முதலாவது மட்டும் ஏறினால் சாவு தொடங்கியிருக்கிறது, இரண்டும் ஏறினால் சவ்வு போய்விட்டது, இரண்டும் ஏறாததை மட்டும் உயிருள்ளதென்று எண்ணுங்கள். அனெக்சின் ஒட்டக் கால்சியம் வேண்டும். கழுவும் கரைசலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ மிச்சமிருந்தால் சாகத் தொடங்கிய செல்லும் ஆரோக்கியமாகத் தெரியும்.